சஸ்பென்ஷன் ஃபோர்க் உள்ள எம்டிபிக்கு முழுநீள மட்கார்டு

ரெயின்கோட் மேலிருந்து வரும் தண்ணீரைத்தான் தடுக்கும். சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவரை அதிகம் நனைப்பது கீழிருந்து வரும் தண்ணீர். மழை விட்டு வெயில் அடித்த பிறகும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ரோட்டில் அது தேங்கியே இருக்கும். அதில் மழைநீர் எவ்வளவு, சாக்கடை எவ்வளவு என்று யோசிக்காமல் இருப்பது மனதுக்கு நல்லது. உடம்புக்கு அப்படி இல்லை. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் இருக்கும். தோலில் உள்ள சிராய்ப்பு, கண், வாய் வழியாக உள்ளே போகும். மட்கார்டு இல்லாத முன்சக்கரம் அந்தத் தண்ணீரை நேராக உதட்டுக்கே கொண்டுவந்து தருகிறது.

பால் கேன் மாட்டிய பழைய 28 இஞ்சு சைக்கிளில் இந்தத் தொல்லை கிடையாது. முன்னும் பின்னும் தகர மட்கார்டு, அதன் நுனியில் ரப்பர் என்று எல்லாம் வண்டியோடு வந்துவிடும். எம்டிபி எனும் மலைப்பாதை சைக்கிளில் (மவுண்டன் பைக்) மட்டும் ஏன் இல்லை என்றால், அந்த வண்டி பிறந்த இடம் அப்படி. 1970களில் கலிஃபோர்னியாவில் டமால்பாய்ஸ் மலைச் சரிவுகளில் பழைய சைக்கிள்களைத் தட்டிக்கொட்டி இறக்கிவிட்டவர்களிடமிருந்து வந்த வடிவம் அது. கோடை முழுக்க மழையே எட்டிப் பார்க்காத மலை. போதாததற்கு, காட்டுப் பாதையில் களிமண் சேறு மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டால் சக்கரமே சுற்றாது. அதனால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் மட்கார்டு கம்பியைப் பிடிக்கக் காதும் வைப்பதில்லை, துளையும் வைப்பதில்லை. நாமோ அதே வண்டியில் ஐப்பசி மழையில் ஆபீஸ் போகிறோம். சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

கடையில் ‘எம்டிபி மட்கார்டு’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது ஒரு ஜோடி பிளாஸ்டிக் அலகு. பின்னால் சீட் போஸ்டில் ஒன்றைக் கவ்வவிட்டு, முன்னால் ஃபோர்க்கின் தலைக்கு அடியில் ஒன்றைச் செருகிவிடுவார்கள். பின்னால் இருப்பது சட்டையில் விழும் சேற்றுக் கோட்டை நிறுத்தும், அவ்வளவுதான். முன்னால் இருப்பது டயரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும். அழகுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் என்று புரிய, தண்ணீர் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். டயரில் தரையைத் தொட்ட இடம் முதலில் பின்பக்கமாக ஏறும், உச்சிக்கு வரும், பிறகு முன்பக்கமாக இறங்கும். தண்ணீர் டயரை விடும் நொடியில் டயர் எந்தத் திசையில் போகிறதோ, அந்தத் திசையிலேயே தெறிக்கும். தரையை விட்டுக் கிளம்பிய உடனே தெறிப்பதுதான் அதிகம். அது தாழ்வாகப் பின்னோக்கி வந்து ஷூ, பெடல், செயின், பெடல் அச்சு சுழலும் பிபி எல்லாவற்றையும் குளிப்பாட்டும். இன்னும் கொஞ்சம் மேலே ஏறித் தெறிப்பது டவுன் டியூபில், அதாவது ஹேண்டில் பக்கமிருந்து பெடலை நோக்கி இறங்கும் பிரேம் குழாயில் மோதும். உச்சிக்குப் பக்கத்தில் தெறிப்பது முன்னோக்கிப் பறக்கும். தரையோடு ஒப்பிட்டால் டயரின் உச்சி வண்டியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. நாம் 20 கி.மீ. வேகத்தில் போனால் உச்சி 40-ல் போகும். துளி நமக்கு முன்னால் ஓடி, காற்றில் வேகம் குறைந்து தொங்கும்போது நாம் போய் அதில் முகத்தைக் கொடுக்கிறோம். ஆக முன்சக்கரத்துக்கு இரண்டு இடத்தில் மறைப்பு வேண்டும்: உச்சியிலிருந்து முன்பக்கம் கொஞ்ச தூரம், பின்பக்கம் கிட்டத்தட்டத் தரை வரை. இதில் பின்பக்கம்தான் முக்கியம். கடை அலகுகளில் அந்தப் பாகமே கிடையாது.

பின்சக்கரத்துக்கு முழு மட்கார்டு மாட்டுவது பெரிய வித்தை இல்லை. முன்சக்கரத்தில்தான் விஷயம். சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் இரண்டு பகுதி உண்டு. மேலே ஹேண்டில்பாரோடு சேர்ந்த தலையும், அதிலிருந்து இறங்கும் பளபளப்பான உள்குழாய்களும் ஒன்று. அவற்றின் மேல் வழுக்கி ஏறி இறங்கும் தடித்த வெளிக்குழாய்கள் இன்னொன்று. சக்கரம் பிடித்திருப்பது இந்த வெளிக்குழாய்களில். இரண்டு வெளிக்குழாய்களையும் டயருக்கு மேலே ஒரு வளைவு இணைக்கும். பெரும்பாலான ஃபோர்க்குகளில் அது முன்பக்கம் இருக்கும். மேனிட்டூ நிறுவனத்தின் ஃபோர்க்குகள் போன்ற சிலவற்றில் பின்பக்கம். பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம், வெளிக்குழாய், வளைவு மூன்றும் சேர்ந்து தலையை நோக்கி 80, 100 மி.மீ. ஏறும்.

மட்கார்டைத் தலையில் மாட்டினால் அந்த 100 மி.மீ. இடைவெளியை எப்போதும் விட்டுவைக்க வேண்டும். விட்டால் அது மட்கார்டே இல்லை. நெருக்கமாக வேண்டுமென்றால் மட்கார்டும் சக்கரத்தோடு ஏறி இறங்கியாக வேண்டும். அதாவது அதன் ஒரு திருகுகூடத் தலையிலோ உள்குழாயிலோ இருக்கக் கூடாது, முழுக்க வெளிக்குழாயிலும் வளைவிலும்தான் நிற்க வேண்டும். இந்த வேலையின் மற்ற எல்லா முடிவும் இந்த ஒன்றிலிருந்து வந்தவை.

என் வண்டி 27.5 இஞ்சு சக்கரம், முன்னால் 100 மி.மீ. ஏறி இறங்கும் ஸ்பிரிங் ஃபோர்க், பின்னால் சஸ்பென்ஷன் கிடையாது, இரண்டு பக்கமும் வயர் இழுக்கும் டிஸ்க் பிரேக். சாதாரண வண்டிதான்.

முதல் வேலையாக டயரை மாற்றினேன். அதோடு வந்தது 2.1 இஞ்சு கட்டை போட்ட டயர். தார் ரோட்டில் அது சத்தம் போடும், தண்ணீரை அள்ளி வீசும், இடத்தை அடைக்கும். அதற்குப் பதில் 1.75 இஞ்சில் நடுவில் வழுவழுப்பாக இருக்கும் டயர் ஒரு ஜோடி. அகலம் 53-லிருந்து 47 மி.மீ. ஆகக் குறைந்தது, உயரமும் ஏறக்குறைய அதே அளவு இறங்கியது. வளைவுக்கு அடியில் 11 மி.மீ. இருந்த இடம் 17 ஆனது. மட்கார்டு வேலையில் 6 மி.மீ. என்பது பெரிய சொத்து. வாரக் கடைசியில் காட்டுப் பாதைக்குப் போகிறவர் இதைச் செய்ய முடியாது. அவருக்கு முழு மட்கார்டே தேவையில்லை என்பது என் கருத்து.

மட்கார்டு டயரை விட இரண்டு பக்கமும் ஐந்தாறு மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். 47-க்கு 60 மி.மீ. சரி. ஹைப்ரிட் சைக்கிளுக்கு வரும் 45 மி.மீ. மட்கார்டு எளிதில் கிடைக்கிறது, ஆனால் டயரின் அகலத்துக்கே போதாது. 28 இஞ்சுத் தகர மட்கார்டு கூட யோசித்தேன். அந்தச் சக்கரத்தின் டயர் வெறும் 1½ இஞ்சு, அதாவது 38 மி.மீ.; அந்த அகலத்துக்குச் செய்தது இதற்கு ஒத்துவராது. கடைசியில் 27.5-க்கான 60 மி.மீ. பிளாஸ்டிக் ஜோடி ஒன்றை, எவர்சில்வர் கம்பிகளோடு இணையத்தில் வாங்கினேன். சஸ்பென்ஷன் இல்லாத வழக்கமான ஃபோர்க்குக்கு என்று செய்தது, ஒரே நீளமான துண்டு.

அதை வெட்டாமல் வளைவுக்கு அடியில் நுழைத்துவிட முடியுமா என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். 17 மி.மீ. இருக்கிறதே, மட்கார்டின் கனம் 3 மி.மீ.தானே என்று கணக்கு வரும். வளைவுக்கு அடியில் நுழையும், சந்தேகமில்லை. ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது தலை எவ்வளவு கீழே வரும் என்பதுதான் கேள்வி. அதை உட்கார்ந்து அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நம் எடைக்கு ஸ்பிரிங் பாதிதான் இறங்கும். ரோட்டில் உள்ள பள்ளம் மீதியை இறக்கும்.

அதனால் ஸ்பிரிங்கையே வெளியே எடுத்தேன். என் ஃபோர்க்கில் இடது காலில், அதாவது இடப்பக்கக் குழாயில் மட்டும்தான் ஸ்பிரிங். மேல்மூடியை ஸ்பேனரால் திருகினால் மூடியோடு சேர்ந்து அது வந்துவிடுகிறது. பிறகு ஹேண்டிலை லேசாக அழுத்தினாலே ஃபோர்க் அடிமட்டம் வரை இறங்கி நிற்கும். காற்று ஃபோர்க் வைத்திருப்பவர்கள் காற்றை இறக்கினால் போதும். முதலில் எவ்வளவு அழுத்தம் இருந்தது என்று குறித்துக்கொண்டு இறக்குங்கள். இந்த நிலையில் மூன்று அளவு எடுத்தேன். தலையின் அடிக்கும் டயருக்கும் நடுவே 15 மி.மீ. வெளிக்குழாய்கள் இரண்டுக்கும் நடுவே 74 மி.மீ. டயரின் பின்பக்கத்துக்கும் டவுன் டியூபுக்கும் நடுவே ஐந்து செ.மீ. போல.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள். ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை, தரையோடு சுமார் 70 டிகிரி கோணத்தில் சாய்ந்திருக்கிறது. அதனால் 100 மி.மீ. அமுங்கும்போது சக்கரம் மேலே மட்டும் போகாமல் 34 மி.மீ. பின்னாலும் வரும். சும்மா நிற்கும்போது தாராளமாகத் தெரியும் இடம் பள்ளத்தில் இறங்கும்போது இருக்காது. மட்கார்டின் பின்துண்டு, அதன் போல்ட் தலை, கம்பி எல்லாம் அந்த ஐந்து செ.மீ.க்குள் அடங்க வேண்டும்.

15 மி.மீ. என்ற அளவு வந்ததுமே ஒரே துண்டு என்ற எண்ணத்தைக் கைவிட்டேன். மட்கார்டு தட்டையான பட்டை அல்ல, அதன் முதுகு உப்பலாக இருக்கும். டயரிலிருந்து குறைந்தது பத்து மி.மீ. தள்ளி வைத்தால் அதன் முதுகு தலையில் போய் இடிக்கும். இடித்தால் அது டயரில் அழுந்தும். அந்த நேரம் நாம் முழு வேகத்தில் ஒரு பள்ளத்துக்குள் இருப்போம். ஆக வெட்ட வேண்டியதுதான்: வளைவுக்கு முன்னால் ஒரு துண்டு, கால்களுக்குப் பின்னால் ஒரு துண்டு, நடுவில் தலை இறங்கி வரும் இடம் காலி.

ஆக்ஸா பிளேடால் அறுத்து, ஓரத்தை அரத்தால் தேய்த்து, மூலைகளை உருட்டிவிட்டேன். முன்துண்டு மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. மீதி பின்துண்டு. அறுப்பதற்கு முன்னால் மாஸ்கிங் டேப்பால் டயர் மேல் ஒட்டி வைத்துப் பேனாவால் கோடு போட்டுக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் வளைவு தட்டையாக இருக்கும்போது ஒரு மாதிரியும் டயர் மேல் படுக்கும்போது வேறு மாதிரியும் இருக்கிறது.

இனி பிடிமானம். ஃபோர்க்கில் துளை போடவே கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை. வெளிக்குழாய்கள் மெக்னீசியம் அல்லது அலுமினியக் கலவையில் வார்த்தவை. சுவர் மெல்லியது, உள்ளே கிரீஸோ எண்ணெயோ இருக்கிறது, பிரேக் பிடிக்கும்போது உடம்பின் எடை முழுக்க அதன் மேல்தான் விழுகிறது. பிரேக் காலிப்பரைப் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றி, நடுவில் மட்கார்டு கம்பியை வைத்து மறுபடி முடுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பிடிக்காது. கம்பியின் கனத்துக்கு ஏற்ப மரைக்குள் இறங்கும் நீளம் குறைகிறது, கம்பியின் அதிர்வு முழுக்க பிரேக் போல்ட்டுக்குப் போகிறது.

நல்லவேளையாக இந்த ஃபோர்க்கில் வேறு வழி இருந்தது. விலை குறைந்த ஃபோர்க்குகளை டிஸ்க், ரிம்மைக் கவ்வும் வி-பிரேக் இரண்டுக்கும் பொதுவாகச் செய்கிறார்கள். எனக்கு டிஸ்க் என்பதால் வி-பிரேக் மாட்டும் இரண்டு முளைகளும் வேலையில்லாமல் நின்றன. அவற்றுக்குள் எம்6, அதாவது 6 மி.மீ. போல்ட்டுக்கான மரை இருக்கிறது. வளைவின் நடுவில் ரிஃப்ளெக்டருக்கான துளையும் உண்டு. முன்துண்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? 25 மி.மீ. அலுமினியப் பட்டையில் சின்னதாக ஒரு ‘எல்’ வளைத்து ரிஃப்ளெக்டர் துளையில் எம்5 போல்ட்டால் பிடித்தேன். மட்கார்டு கம்பியை வெட்டி வளைத்து, இரண்டு முளைகளிலும் வாஷர் வைத்து எம்6 போல்ட் முடுக்கினேன். மூன்று புள்ளியில் நிற்பதால் கையால் ஆட்டினாலும் அசைவதில்லை. முளையே இல்லாத ஃபோர்க் என்றால் வளைவைச் சுற்றி இரண்டு கேபிள் டை போட்டுக் கட்டலாம், அதுவும் தாங்கும். முன்துண்டு எடையில் ஒன்றுமில்லை.

பின்துண்டுதான் வேலை வாங்கியது. அதற்குப் பிடிமானம் கால்களில் மட்டும்தான். ரப்பர் உறை போட்ட பி கிளிப் தேடினேன். கிடைத்தவை எல்லாம் பிரேமின் மெல்லிய குழாய்க்கானவை. ஒரு நூலைக் காலைச் சுற்றி அளந்தால் 126 மி.மீ. வந்தது. 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 40. இந்த அளவுக்கு சைக்கிள் கடையை விட ஆட்டோமொபைல் கடைதான் சரி. கார் ரேடியேட்டர் குழாயில் போடும் ஓஸ் கிளிப், எவர்சில்வரில், 32-லிருந்து 50 மி.மீ. வரை சுருங்கி விரிவது நான்கு வாங்கினேன்.

ஓஸ் கிளிப்பை நேரடியாகக் காலில் போட்டால் பெயின்ட்டைச் சுரண்டிவிடும். அடியில் சுற்ற ரப்பர் வேண்டும், மட்கார்டின் கீழ்நுனியில் தொங்கவிட இன்னும் கனமான ரப்பர் வேண்டும். இரண்டுக்கும் லாரி டியூப்தான் தோது. எங்கள் தெருமுனைப் பங்சர் கடையில் கிழிந்த டியூப் ஒன்று கிடந்தது.

“அண்ணே, இதுல ஒரு முழம் வெட்டிக்கட்டுமா?”

“எதுக்கு தம்பி?”

“சைக்கிளுக்கு மட்கார்டு மாட்டுறேன்.”

“மட்கார்டா?” என்று சிரித்தார். “பசங்க எல்லாம் இருக்கிறதைக் கழட்டித் தரச் சொல்லித்தான் வர்றாங்க. நீ ஒருத்தன்தான் மாட்டுற. எடுத்துக்கோ.” காசு வாங்கவில்லை. கத்திரிக்கோலால் முடியாது என்று சொல்லி, சோப்புத் தண்ணீரில் நனைத்த கத்தியால் அவரே நேராக அறுத்துக் கொடுத்தார். ரப்பரை அறுக்கும்போது கத்தியை நனைத்துக்கொள்வது இதிலிருந்து நான் கற்ற நல்ல பழக்கம்.

வளைவுக்குச் சற்றுக் கீழே ஒவ்வொரு காலிலும் ஒரு ஓஸ் கிளிப். இரண்டையும் சேர்த்துக் கால்களின் பின்பக்கம் குறுக்காக ஒரு அலுமினியப் பட்டை. கிளிப்பின் பட்டையை அதில் போட்ட நீள்துளைகளுக்குள் நுழைத்து வாங்கினால் தனியாக நட்டு போல்ட் தேவைப்படாது. பின்துண்டின் மேல்நுனி இந்தப் பட்டையில் இரண்டு எம்5 போல்ட்டால் நிற்கிறது. போல்ட்டின் தலை டயர் பக்கம், நட்டு வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால் போல்ட் நுனி டயரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். கிளிப்பை முடுக்குவதில் கொஞ்சம் பொறுமை வேண்டும்: வெளிக்குழாயின் மேல்பகுதிக்குள்தான் உள்குழாய் வழுக்கி ஓடும் புஷ் இருக்கிறது, அந்த இடத்தில் வெறியோடு முடுக்கினால் ஃபோர்க் ஏறி இறங்குவது இறுகிப்போகலாம். ரப்பர் லேசாகப் பிதுங்கும் அளவுக்குப் போதும். ஸ்பிரிங் வெளியே இருக்கும்போதே இதைச் செய்வதில் ஒரு வசதி உண்டு. முடுக்கிய பிறகும் ஃபோர்க் தங்கு தடையில்லாமல் வழுக்குகிறதா என்று கையாலேயே பார்த்துவிடலாம்.

கீழே வலது காலில் பிரச்சினை இல்லை. ஆக்ஸிலுக்கு நாலு விரல் மேலே ஓஸ் கிளிப் போட்டுக் கம்பியைப் பிடித்தாயிற்று. இடது காலின் பின்னால் டிஸ்க் காலிப்பர் உட்கார்ந்திருக்கிறது. கிளிப்பை காலிப்பருக்கு மேலே ஏற்றி, அதிலிருந்து கம்பியை வெளிப்பக்கமாக வளைத்து, காலிப்பரைச் சுற்றிக்கொண்டு மட்கார்டுக்கு வந்தேன். கம்பியை வைஸில் பிடித்து ஒரு இரும்புக் குழாயை மாட்டி வளைத்தால் அழகாக வளையும். கட்டிங் பிளேயரால் வளைத்தால் நெளிநெளியாக வரும். பிரேக் வயர் கிளிப்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். டிஸ்க்குக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விரலாவது போகும் இடம் இருக்கட்டும்.

அடுத்து வருவதைத் தயவுசெய்து யாரும் தாண்டிப் போக வேண்டாம். முன் மட்கார்டு மனிதனைத் தூக்கிப் போட்டுவிடும். டயரின் கட்டையில் ஒரு குச்சியோ கம்பியோ சிக்கினால் சுழற்சி அதைப் பின்பக்கமாக மேலே இழுத்து மட்கார்டுக்குள் கொண்டுபோகும். உள்ளே அது இறுகினால் மட்கார்டும் சேர்ந்து இழுபடும், கம்பிகள் மடங்கும், சக்கரம் ஒரே நொடியில் நிற்கும். வண்டி நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். இதற்காகத்தான் நல்ல மட்கார்டு ஜோடிகளில் முன்பக்கக் கம்பியின் அடிமுனையில் ஒரு பிளாஸ்டிக் கவ்வி வரும். இழுத்தால் அது பட்டென்று கழன்றுகொள்ளும். ஜெர்மனியின் எஸ்கேஎஸ் மட்கார்டுகளில் அது தெளிவாகத் தெரியும். என் ஜோடியில் அது இல்லை. அதனால் கீழ்க்கம்பிகள் இரண்டையும் எஃகு போல்ட்டுக்குப் பதில் நைலான் போல்ட்டால் பிடித்தேன். மின்சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதிர்வைத் தாங்கும், பலமாக இழுபட்டால் அறுந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

இடைவெளியிலும் ஒரு கணக்கு உண்டு. பின்துண்டின் கீழ்நுனியில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 15 மி.மீ., மேல்நுனியில் 20. தண்ணீரும் கல்லும் கீழே நுழைந்து மேலே போகின்றன. போகப் போக இடம் அகலமானால் உள்ளே போனது வெளியே வந்துவிடும். குறுகினால் அங்கேயே ஆப்பு அடித்தது போல உட்கார்ந்துவிடும்.

இப்போது நடுவில் விட்ட காலியிடம். வளைவின் பின்விளிம்பிலிருந்து குறுக்குப் பட்டை வரை ஏழு செ.மீ. போல. அந்த வழியாகத் தண்ணீர் தலையின் அடியில் அடித்து, அங்கிருந்து டவுன் டியூபில் வழியும். அதோடு உள்குழாய்கள் வெளிக்குழாய்க்குள் நுழையும் வாயில் உள்ள ரப்பர் சீல்கள் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மணல் கலந்த தண்ணீர் அவற்றுக்குப் பகை. பிளாஸ்டிக் முதுகு நுழையாத 15 மி.மீ. இடத்தில் 2 மி.மீ. ரப்பர் தாராளமாக நுழையும். லாரி டியூபில் ஐந்து செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையை வளைவில் கேபிள் டையாலும் மறுமுனையைக் குறுக்குப் பட்டையின் போல்ட்டிலும் கட்டினேன். வளைவும் பட்டையும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் ரப்பர் இழுபடுவதோ தொய்வதோ இல்லை. கொஞ்சம் விறைப்பாகவே கட்டுங்கள். தொய்ந்தால் டயரில் உரசும்.

கீழ்நுனியில் தொங்கும் ரப்பருக்கு அதே டியூபின் இரட்டை மடிப்பு. தரையிலிருந்து நான்கு இஞ்சு உயரம் வரை விட்டிருக்கிறேன். இன்னும் இறக்கினால் ஷூ இன்னும் காயும், ஆனால் நம் ஊர் வேகத்தடைகள் அதற்கு இடம் தருவதில்லை. இந்த ரப்பர் துண்டை விளையாட்டாக நினைக்க வேண்டாம். முழு மட்கார்டின் பலனில் பாதி இதில்தான் இருக்கிறது என்பேன்.

ஸ்பிரிங்கை உள்ளே வைப்பதற்கு முன் எல்லாம் மாட்டிய நிலையில் ஃபோர்க்கை மறுபடி அடிமட்டம் வரை இறக்கி, சக்கரத்தைச் சுற்றி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். தலை ரப்பரைத் தொடவில்லை. பின்துண்டுக்கும் டவுன் டியூபுக்கும் நடுவே ஒரு விரல் இடம் மிச்சம். பெடலில் கால் வைத்துத் திருப்பினால் ஷூ நுனி மட்கார்டைத் தொடுகிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். சின்ன பிரேம், 29 இஞ்சு சக்கரம் என்றால் தொடும். அப்படியிருந்தால் மெதுவாக வளையும்போது உள்பக்கப் பெடலை மேலே வைத்துக்கொள்ளப் பழக வேண்டியதுதான். பிறகு ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி மூடினேன்.

பின்பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸிலுக்கு மேலே பிரேமில் கேரியர் மாட்ட எம்5 காது இருந்தது, கம்பிகள் அதிலேயே. வலது பக்க போல்ட் நீளமாக இருந்தால் உள்ளே நீட்டி, செயின் கடைசிச் சின்னப் பல்லில் இருக்கும்போது அதில் உரசும். வாஷர் போட்டு உள்பக்கம் சமமாக முடியும்படி செய்ய வேண்டும். சீட்டுக்கு அடியில் உள்ள குறுக்குக் குழாயில் ஒரு போல்ட். பெடலுக்குப் பின்னால் உள்ள குறுக்குக் குழாயில் துளை இல்லை, அங்கே ஒரு ரப்பர் துண்டு நடுவில் வைத்துக் கேபிள் டை. முன்பக்கம் செயினைப் பல் மாற்றும் டிரெய்லியரின் கூண்டு உள்ளே வரும் இடத்தில் மட்கார்டின் ஓரம் இடித்தது. அந்தப் பக்கம் மட்டும் அரை வட்டமாக வெட்டிவிட்டேன். கியரை எல்லாப் பல்லுக்கும் மாற்றிப் பார்த்த பிறகுதான் வெட்டும் அளவு தெரியும். நட்டுகள் எல்லாம் நைலான் வளையம் உள்ள லாக் நட். சாதாரண நட்டு போட்டால் நம் ரோட்டில் ஒரு வாரம் தாங்காது.

சோதித்துப் பார்க்க எளிய வழி: டவுன் டியூபின் அடியிலும் ஷூவின் மேலும் செய்தித்தாளை டேப்பால் ஒட்டிக்கொண்டு தண்ணீர் தேங்கிய ரோட்டில் போய் வருவது. தெரு நாய் ஒன்று விடாமல் குரைத்ததைத் தவிர வேறு சேதமில்லை. டவுன் டியூபில் இருந்த காகிதம் காய்ந்தே இருந்தது. ஷூவின் வெளிப்பக்க ஓரத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாக ஈரம். தண்ணீர் மட்கார்டின் பக்கவாட்டில் தப்பித்திருக்கிறது, கீழ்ரப்பரை மட்டும் கொஞ்சம் அகலமாக வெட்டி மாற்றியதும் அதுவும் குறைந்தது. முன்துண்டின் நுனியிலிருந்து சில துளிகள் முன்னோக்கிப் பறந்தன. நுனியில் இரண்டு விரல் அகல ரப்பர் உதடு ஒன்றை ரிவெட் அடித்ததும் அவை நேராகக் கீழே விழுகின்றன. பக்கத்தில் பஸ் போனால் அடிக்கும் தண்ணீருக்கு இதில் மருந்து கிடையாது.

சத்தம் பற்றிக் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: மட்கார்டு கடகடவென்று அடித்தால் எங்கேயோ இரண்டு உலோகம் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷர் வைத்த பிறகு கற்கள் சிதறிய ரோட்டில் மட்டும் லேசான முணுமுணுப்பு.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓஸ் கிளிப்புக்கு அடியில் சுற்றிய ரப்பருக்குள் நுண்மணல் புகும். மழைக்காலம் முடிந்ததும் கிளிப்பைத் தளர்த்தி, காலையும் ரப்பரையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி முடுக்கினால் பெயின்ட் பிழைக்கும். நைலான் போல்ட்டுகள் வெயிலில் வெளிறி மொறமொறப்பாகும், அப்போது இரண்டையும் மாற்றிவிடுங்கள். உதிரியாக நாலைந்து சீட்டுப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், விலை சில ரூபாய்தான்.